பதில் கிடைக்காத பதினெட்டாவது கம்பி

செந்தில்நாதன் மின்சுற்றுக்குக் கேட்டது பதினேழு கம்பி. திரையில் வந்தது பதினெட்டு.

அழித்துவிட்டுப் புரோகிராமை மறுபடி ஓட்டினான். பதினெட்டுதான். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரி தின்றுவிட்டு மத்தியானமே எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். வாடிய சாமந்தி வாசமும் கற்பூரப் புகையும் அந்த ஹெப்பாள் ஆபீஸின் மூடிய ஜன்னல்களுக்குள் தேங்கிக் கிடந்தன.

"பூசைக்கு வெச்ச மிசினுங்க சார். இன்னைக்குத் தொடக்கூடாதுங்க," என்று காவலாளி கெம்பையன் சொல்லிப் பார்த்தார். இவன் கேட்டால்தானே? நாளை மறுநாள் புரோகிராமை வாங்க ஆள் வருகிறது. அதில் இருப்பது இவன் பெயர் மட்டும்.

எழுதியவள் கூட வேலை பார்த்த சொர்ணலதா. எல்லாப் பகுதிகளையும் ஒரே தாளத்தில் ஓட்டும் கடிகாரத் துடிப்பே இல்லாமல் ஓடும் மின்சுற்றுகளை அது தானாகவே வரைந்து தரும். அதற்கு ஒரே சட்டம்: ஒரு பகுதி கேட்டால் இன்னொரு பகுதி பதில் சொல்ல வேண்டும். பதில் வரும்வரை, கேட்ட கம்பி உயர்ந்தே நிற்கும். இறங்காது.

ஆடி மாதம் பேட்டரி அறைக் கதவு பூட்டிக்கொண்டு, ஆசிட் புகையில் மூச்சு முட்டி, அவள் உள்ளேயிருந்து தட்டினாள். இதே நாற்காலியில்தான் இருந்தான், படுபாவி. இரண்டு பெயர் போட வேண்டிய இடத்தில் ஒன்று போதும் என்று தோன்றிவிட்டது. தட்டும் சத்தம் நின்ற பிறகு எழுந்து டீ குடிக்கப் போனான். கான்டீனில் இருந்ததாகச் சொன்னான். எல்லாரும் நம்பினார்கள்.

இப்போது திரையில் ஒரு வரி வந்து நின்றது. பதில் கிடைக்காத கேள்வி ஒன்று இருக்கிறதாம், முடிக்க முடியாதாம்.

பேட்டரி அறைப் பக்கம் டொக் என்றது.

எலி என்று சொல்லிக்கொண்டான். பாழாய்ப்போன அந்தக் கம்பிக்கு ஒரு பதிலைக் கொடுத்துத் தொலைத்தால் வேலை முடியும். பதில் கம்பி ஒன்றை இணைத்து, விசையைத் தட்டினான். விரலில் குங்குமம் ஒட்டியது.

பதில் ஏற்கப்பட்டது என்றது திரை.

பின்னால் தாழ்ப்பாள் விலகியது. ஆசிட் நெடி. கற்பூர வாசம் போயே போய்விட்டது.

எழுந்திருக்க முடியவில்லை. கத்தினான், குரல் வரவில்லை. மேஜையைத் தட்டினான். தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான்.

வாசலில் கெம்பையனின் ரேடியோ தசரா கச்சேரி பாடியது.

திரைக் கண்ணாடியில், அவன் தலைக்கு மேலே, ஒரு கை தெரிந்தது. விரல் முட்டிகளில் தோல் இல்லை. மூன்று மாதமாக உயர்ந்தே நின்ற கை.

மெல்ல இறங்கியது.