அமுக்காதீங்க அத்தை!

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று ரோகினிக்குத் தெரியவில்லை. கடைசியில் தலையில்தான் அடித்துக்கொண்டாள்.

சிரம்பானில் வேலை செய்யும் அண்ணன் குணாளன் போனில் கத்திக்கொண்டிருந்தான். "யாரோ நம்ம விளம்பரத்த ஓயாம அமுக்குறாங்க! விளம்பரக் கம்பெனி எச்சரிக்கை அனுப்பியிருக்கு. நீதானா?"

"நான் இல்லண்ணே! சத்தியமா இல்ல!"

ரோகினி ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவி. சுவா என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய்க்காகச் செம்பனை மரம் வளர்க்கும் ஒரு தோட்டத்தில் அவள் வீடு. 'நம்ம தோட்டம்' என்று ஓர் இணையத்தளம் நடத்துகிறாள். குழாயில் எப்போது தண்ணீர் நிற்கும், யார் வீட்டு ஆடு யார் வீட்டுக் கீரையை மேய்ந்தது, எல்லாம் அதில் வரும்.

தளத்துக்கான முதல் வருடக் கட்டணத்தை அண்ணன்தான் கட்டினான். "இனிமே அதுவே சம்பாதிச்சுக்கணும். மாசக் கடைசிக்குள்ள முடியலேன்னா மூடிடுவோம்" என்று கறாராகச் சொல்லியும் விட்டான்.

அதனால் அண்ணன் பெயரில் விளம்பரம் போட்டார்கள். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் விளம்பரம் தெரியும். பொருள் வேண்டும் என்பவர்கள் அதை அமுக்கினால் கொஞ்சம் காசு வரும். உதவி செய்கிறேன் என்று சொந்தக்காரர்கள் சும்மா அமுக்கக் கூடாது. அது கம்பெனிக் கணக்கில் ஏமாற்று வேலை.

யார் அமுக்குவது? ரோகினி வெளியே வந்தாள். பக்கத்து வீட்டு வாசலில் பஞ்சாலை அத்தை கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் ஓய்வில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"உனக்காகத்தான் உழைக்கிறேன்மா! செருப்பு விளம்பரத்த நேத்தே முடிச்சிட்டேன். இன்னிக்கு சிமெண்டு."

"சிமெண்டா? வீடு கட்டப் போறீங்களா?"

"கட்டுறதுக்குக் காசு எங்க லா இருக்கு? உனக்கு நாலு காசு வரட்டுமேன்னுதான்!"

அத்தை மட்டும் என்றால் பரவாயில்லை. கோயிலில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். லோரி ஓட்டும் முனியாண்டி மாமா, பழக்குலை ஏற்றி முடிக்கும்வரை அமுக்குவாராம். மாயாண்டி அண்ணன் பல் விளக்கும்போதும் அமுக்குவாராம்.

"ஐயோ, அமுக்காதீங்க அத்தை! கெஞ்சிக் கேட்கிறேன்!"

"பிள்ளைக்கு எவ்வளவு கூச்சம் பாரு!" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு, அத்தை இன்னும் நான்கு முறை அமுக்கினார்.

ரோகினி உடனே தன் தளத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'தயவுசெய்து யாரும் விளம்பரத்தை அமுக்காதீர்கள்.'

மறுநாள் முனியாண்டி மாமாவைப் பார்த்தாள். "நான் எழுதினத படிச்சீங்களா மாமா?"

"அமுக்கவே நேரம் போதல, இதுல படிக்க வேற செய்யணுமா?"

அவருடைய சாப்பாட்டுப் பொட்டலத்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய், மிளகாயைக் கடித்துவிட்டு, பொட்டலத்தை அவர் மேலேயே வீசிய கதையை எவ்வளவு பாடுபட்டு எழுதியிருந்தாள்! அதைக்கூட அவர் படிக்கவில்லை. ரோகினிக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரமே கம்பெனி விளம்பரத்தை நிறுத்திவிட்டது. காசும் இல்லை. பெட்டி வெள்ளையாகக் கிடந்தது. ரோகினி தலையணையை இரண்டு குத்துக் குத்திவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

அப்போது பார்த்து அத்தை வந்தார். "ரோகினி, விளம்பரத்தையே காணோமே! என்னாச்சு?"

"கம்பெனிக்காரங்க நிறுத்திட்டாங்க அத்தை."

அத்தையின் முகம் வாடிவிட்டது. "ஏம்மா? நான் அமுக்கினது பத்தலையா?"

நறுக்கென்று ஒரு பதில் ரோகினியின் நாக்கு நுனிவரை வந்தது. அத்தையின் வீங்கிய கட்டைவிரலைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டாள்.

"பத்துச்சு அத்தை. ரொம்பவே பத்துச்சு."

அத்தை பெருமூச்சு விட்டார். "சரி, நானாவது சம்பாதிச்சுத் தரேன். ஞாயித்துக்கிழமை அப்பம் சுட்டு விக்கலாம்னு பார்க்கிறேன். ஆனா, யாருக்குத் தெரியப்போகுது?"

ரோகினி படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். தோட்டத்தில் எல்லார் விரலும் எப்படியும் அந்தப் பெட்டிக்குத்தான் போகும். அது எதற்காக வெள்ளையாகக் கிடக்க வேண்டும்?

அன்று மாலையே பெட்டிக்குள் அத்தையின் அப்பம் வந்துவிட்டது. 'பஞ்சாலை அத்தையின் சுடச்சுட அப்பம். ஞாயிறு காலை, கோயில் பக்கத்தில்.' அதற்குக் கீழே மாயாண்டி அண்ணன் விற்க நினைத்த பழைய சைக்கிள். யாரிடமும் ரோகினி காசு வாங்கவில்லை. தனக்காக அவ்வளவு அமுக்கியவர்கள் ஆயிற்றே!

பழக்கதோஷத்தில் எல்லாரும் பெட்டியைத் தேடிப் போனார்கள். அப்பத்தைப் பார்த்தார்கள். சைக்கிளைப் பார்த்தார்கள். தெரிந்தவர்கள் பெயராக இருந்ததால் பக்கத்தில் இருந்த செய்தியையும் படித்தார்கள்.

ஞாயிறு காலை ரோகினி போய்ச் சேர்வதற்குள் அப்பம் தீர்ந்துவிட்டது. அவளுக்கே ஒன்றுகூட மிச்சமில்லை. அங்கே முனியாண்டி மாமா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"குரங்கு கதைய ஏம்மா எழுதினே? தோட்டமே சிரிக்குது!"

"எழுதி ரெண்டு வாரம் ஆச்சு மாமா!" என்று ரோகினி பல்லைக் கடித்தாள். ஆனாலும் உள்ளுக்குள் இனித்தது.

கடைசி அப்பத்தைத் தின்றுகொண்டிருந்தவர் அவள் பக்கம் திரும்பினார். சுவாவில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கும் புவனேஸ்வரன் அவர்.

"அந்தப் பெட்டியில என் பட்டறையும் வருமாம்மா? சும்மா வேணாம். மாசாமாசம் காசு தரேன்."

ரோகினி அண்ணனுக்குப் போன் செய்தாள். தொகையைக் கேட்டதும் அண்ணன் இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தான்.

"இது போதும் ரோகினி," என்றான் பிறகு. "கட்டணத்தக் கட்டி மிச்சமும் இருக்கும். உன் தளத்த மூட வேணாம்."

புவனேஸ்வரன் ரோகினியின் வீட்டில் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அவள் விளம்பரத்தைப் போட்டுவிட்டாள். "இதுக்கு மாசக் காசுதான். யாரு எத்தன தடவ அமுக்கினாலும் தப்பில்ல மாமா. ஆனா, அமுக்கினா நேரா உங்களுக்குத்தான் போன் வரும்."

"வரட்டும், நல்லா வரட்டும்!" என்று அவர் மோட்டாரில் ஏறினார்.

உடனே போன் அடித்தது. "ஹலோ, மோட்டார் ரிப்பேரா?" என்று புவனேஸ்வரன் ஆவலாகக் கேட்டார்.

"இல்ல தம்பி, நான் பஞ்சாலை. சரியா வேலை செய்யுதான்னு அமுக்கிப் பார்த்தேன்."

அவர் போனைப் பைக்குள் வைப்பதற்குள் முனியாண்டி மாமா அழைத்தார். அடுத்து மாயாண்டி அண்ணன். மறுபடியும் அத்தை.

புவனேஸ்வரன் பரிதாபமாக ரோகினியைப் பார்த்தார். "இவங்க எப்பம்மா நிறுத்துவாங்க?"

"அது எனக்கே தெரியல மாமா" என்று சொல்லிவிட்டு, நாளைய முதல் செய்தியை எழுத ரோகினி உள்ளே ஓடினாள்.