வரிசையில் நின்ற அம்மா

ஜெசிந்தா கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான், மூன்று மணி நேரம் போயே போய்விட்டது.

வரிசையின் வாலில் போய் நின்றது மட்டும்தான் அவளுக்கு நினைவிருந்தது. இப்போது கேளிக்கைப் பூங்காவில் ‘பேரலை’ ஊஞ்சலின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. குதிகால் இரண்டும் கடுத்தன. பிடரியில் வெயில் சுட்ட எரிச்சல். நின்றது உடம்புக்குத் தெரியும், அவளுக்குத்தான் தெரியாது. மணிக்கட்டிலிருந்த தாவல்வளை ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

“அதுக்குள்ள வந்துட்டோமா!” என்று பக்கத்தில் அவள் கணவன் ஆல்வின் கொட்டாவி விட்டான்.

தாவல்வளை வந்த பிறகு பெரியவர்கள் யாரும் வரிசையில் காத்திருப்பதில்லை. உடம்பு நிற்கும். முன்னால் இருப்பவர் ஓரடி நகர்ந்தால் அதுவும் ஓரடி நகரும். தண்ணீர் நீட்டினால் குடிக்கும். ஆள் மட்டும் தாவிப்போய் வரிசையின் அந்தப் பக்கத்தில் விழித்துக்கொள்வார். படித்தவர்கள் இதை ஸ்கிப் என்பார்கள். ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, ஞாயிறு பூசையில் சாமியாரின் முடிவில்லாத பிரசங்கம், எல்லாவற்றுக்கும் வளைதான். பூங்கா நடத்துகிறவர்களுக்கு இதில் ஏகக் கொண்டாட்டம். காத்திருப்பது யாருக்கும் உறைக்காதபோது இரண்டாவது ஊஞ்சல் எதற்குக் கட்ட வேண்டும்? வரிசைகள் அரை நாளைத் தின்றன, ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

பன்னிரண்டு வயதாகாத பிள்ளைகளுக்கு மட்டும் வளை போடக் கூடாது. மூளை வளர்கிற வயது, சட்டம் அப்படி. தாயின் கையையோ தகப்பன் கையையோ பிடித்தபடி அவர்கள் முழித்துக்கொண்டேதான் நின்றாக வேண்டும். பிள்ளை கையை விட்டால் வளை அதிர்ந்து பெரியவரை எழுப்பிவிடும்.

மகள் மிரியத்துக்கு ஒன்பது வயது. விழித்த கணத்தில் ஜெசிந்தாவின் காதில் மகளுடைய சிரிப்பின் கடைசித் துண்டு விழுந்தது. “அத ஒன்கிட்ட மட்டுந்தாம்மா சொல்லுதேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அம்மாவின் விழி அசைவதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள். கடையை இழுத்துச் சாத்தியதுபோல முகம் அடைத்துக்கொண்டது.

“என்னட்டி சொன்ன?”

மிரியம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, ஒன்னயத்தான்! ஒரு தடவ கூப்பிட்டா திரும்ப மாட்டியோ? தொண்டத் தண்ணி வத்தக் கத்தணுமா?”

“ஒண்ணுமில்ல.”

ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ‘ஒண்ணுமில்ல’யை உடைக்கத்தானே லீவு போட்டு, தூத்துக்குடியிலிருந்து கடலுக்குள் மிதக்கும் இந்தப் பூங்காவுக்கு வந்தது? சில மாதங்களாகப் பிள்ளை வீட்டில் வாயே திறப்பதில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. வகுப்பில் கவனமே இல்லை என்று டீச்சரும் சொல்லிவிட்டார். திமிர் என்று முடிவு கட்டித் திட்டிப் பார்த்தாள், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தும் பார்த்தாள். எதுவும் பலிக்கவில்லை. வெளியே கோபமாக இருந்தாலும் உள்ளுக்குள் அது பயம். பிள்ளை தன்னைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது என்ற பயம்.

மூன்று மணி நேரம் காத்திருந்த ஊஞ்சல் கொட்டாவி விடும் நேரத்தில் முடிந்துபோனது. இறங்கியதும் ஆல்வினை ஓரமாக இழுத்தாள்.

“ஏங்க, அவ வரிசையில என்னமோ பேசுதா. நம்ம முழிச்சதும் நிறுத்திருதா.”

“சின்னப்பிள்ளைக்குப் பொழுது போகணும்லா? அதான் வளை உம் கொட்டுதே, போதாதா?”

அது உண்மைதான். வளை வந்த புதிதில், பேசினால் பெற்றோர் பதில் சொல்லாமல் நிற்பதைக் கண்டு பிள்ளைகள் பயந்து அழுதன. கம்பெனிக்காரன் கெட்டிக்காரன். நம் ஊர்த் தாய்மார் கதை கேட்கும் அழகைக் கவனித்து, அதே மாதிரி உம் கொட்ட வைத்தான். இடையிடையே “அப்புறம்?” என்று கேட்கவும் தலையைத் தடவிக்கொடுக்கவும் வைத்தான். பிள்ளைகள் சமாதானமாகிவிட்டன, பெற்றோர் நிம்மதியாகத் தாவினார்கள்.

அடுத்தது ‘ஆழிச்சறுக்கு’. வரிசையில் சேரும்போது ஜெசிந்தா யாரும் பார்க்காமல் கைக்குட்டையை மடித்து வளைக்கடியில் செருகினாள். தோலில் படாவிட்டால் வளை வேலை செய்யாது. ஆல்வின் தாவிவிட்டான், அவன் கண்களில் ஆள் இல்லை. அவளும் கண்ணை நிலைகுத்த வைத்துக்கொண்டாள்.

அடேயப்பா, காத்திருப்பது இத்தனை கொடுமையா! மூக்கு நுனியில் அரிப்பு, சொறியக் கூடாது. முன்னால் ஒரு வழுக்கைத் தலையில் ஈ உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்தால் நிழல் விரற்கடை அளவுகூட நகரவில்லை. கத்திக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. பெரியவர்கள் மரமாக நிற்க, அவர்கள் இடுப்பளவில் பிள்ளைகளின் பேச்சு மட்டும் சலசலத்துக்கொண்டிருந்தது. இப்படி எத்தனை வரிசைகளில் என் பிள்ளை தனியாக நின்றிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மிரியம் வழக்கம்போல அம்மாவின் வலப்பக்கம் வந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க விட்டேன்?”

“உம்” என்றாள் ஜெசிந்தா, வளை சொல்வதுபோலவே.

“ஆங், காது. எடது காது இன்னைக்குச் சுத்தமா கேக்கலம்மா. முன்னாடியாவது ஒரே இரைச்சலா இருக்கும், இப்பம் அதுவும் இல்ல. டீச்சர் என்னய ஜன்னலோரம் மாத்திட்டாங்களா, அவங்க சொல்லுதது ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு. நீ அடுப்படியிலருந்து கூப்பிடுவ, எனக்குத் தெரியாது. அப்புறம் கிட்ட வந்து கத்துவ பாரு, அது மட்டும் நல்லா கேக்கும்!” மிரியம் சிரித்தாள்.

ஜெசிந்தா உம் கொட்ட மறந்துபோனாள். நல்ல வேளை, “அப்புறம்?” என்று ஆல்வினின் வாய் கேட்டது.

“அப்புறம் என்ன? அப்பாக்குப் பல்லு புடுங்கப் போனோம்லா, அந்த ஆஸ்பத்திரி வரிசையிலேயே ஒன்கிட்டச் சொன்னேன். நீ தலையத் தடவிக்குடுத்த.”

அந்த வரிசை ஜெசிந்தாவுக்கு ஒரு கண்சிமிட்டல். டாக்டர்கள் அத்தனை பேர் நடமாடிய இடம். கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை சொல்லச் சொல்ல, அவள் அங்கே இல்லவே இல்லை.

“வீட்டு அம்மாகிட்டச் சொல்ல முடியாது. இத்தன நாளு ஏன் சொல்லலன்னு அதுக்கும் ஏசுவா. நீ ஏச மாட்ட. ஒன்னயத்தான் எனக்குப் பிடிக்கும்.”

ஜெசிந்தாவின் விரல்கள் அவளை அறியாமல் இறுகின. கன்னத்தில் வழிந்த கண்ணீர் மோவாயில் நின்று, மிரியத்தின் புறங்கையில் சொட்டியது.

மிரியம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு மெதுவாகக் கையை உருவிக்கொண்டு, வளையையே பார்த்தபடி நின்றாள். அது அதிரவில்லை.

“அம்மா, முழிச்சா இருக்க?”

‘ஏன்ட்டி இத்தன நாளு சொல்லல?’ அதே கேள்வி, பிள்ளை சொன்னபடியே, நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஜெசிந்தா அதைக் கடித்து விழுங்கினாள். முழங்காலிட்டு மகள் உயரத்துக்கு இறங்கினாள். பின்னால் நின்ற உடம்புகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓரடி ஓரடியாக முன்னே போயின.

“உம்” என்றாள். “அப்புறம்?”

மிரியம் அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். எந்த அம்மா என்று பிடிபடாததுபோல் பார்த்தாள். பிறகு வலப்பக்கத்திலிருந்து நகர்ந்து, அம்மாவைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தாள். எத்தனையோ வரிசைகளில் அவளுடைய கேளாத காதுதான் அம்மாவின் பக்கம் இருந்திருக்கிறது. அந்த அம்மாவிடமிருந்து கேட்பதற்கு ஒன்றும் இருந்ததில்லை.

முடியை ஒதுக்கி, வலது காதைக் காட்டினாள்.

“இந்தப் பக்கம் கேக்கும். நீ சொல்லு.”