இரண்டாம் கள்ளி யார்?

காலை எட்டரைக்கு உலகம்மை வந்து கதவைத் தட்டியபோது, லிங்கராஜ் கட்டம்போட்ட பச்சை முண்டும் பனியனுமாகப் புட்டுக்குப் பழம் பிசைந்துகொண்டிருந்தார். முக்கியமான வழக்குகள் எல்லாம் தாம் பல் தேய்க்கும்போதோ பழம் பிசையும்போதோதான் வருகின்றன என்பது அவருடைய நெடுநாள் வருத்தம்.

"அண்ணாச்சி, பத்மஜா இருக்காளா?" என்று கேட்ட உலகம்மை, பதில் வருவதற்குள் அழத் தொடங்கிவிட்டாள்.

லிங்கராஜின் மனைவி பத்மஜா, ரயில் தபாலில் முப்பது வருடம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவள். திருவனந்தபுரத்தில் யாருக்குப் பழைய தபால்தலையில் சந்தேகம் வந்தாலும் அவளைத் தேடித்தான் வருவார்கள். ஜெராக்ஸ் கடைக்காரரான லிங்கராஜ் அவளுடைய உதவியாளர். அந்தப் பதவியை அவருக்குக் கொடுத்தவர் அவரேதான்.

உலகம்மை கிழக்கேகோட்டையில் தாணுமாலையன் சார் வீட்டில் பதினேழு வருடம் சமைத்தவள். சார் இறந்து பதினாறு நாளாகிறது. சென்னையிலிருந்து வந்த மகள் அவருடைய ஆல்பத்தைத் திறந்தால், அவர் உயிராக வைத்திருந்த ஒரு தபால்தலையைக் காணவில்லை.

"நான்தான் கள்ளின்னு சாரே எழுதி வச்சிருக்காராம். நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்கப் போறேன்னு பாப்பா சொல்லிட்டா. போலீஸ் வந்தா வரட்டும். ஆனா அவரா என்னை அப்படி எழுதினாரு? அதுதான் தாங்க முடியல. எனக்கு வாசிக்கத் தெரியாது. அப்படி எழுதலன்னு யாராவது வாசிச்சுச் சொல்லணும். அடுக்களையில ஒரு பழைய பாத்திரம் வேணும்னாக்கூட 'எடுத்துக்கட்டா உலகம்மை'ன்னு என்கிட்ட கேட்டு எடுத்த மனுஷன்."

பத்மஜா அவள் கையில் காப்பியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். "அத்தான், அந்தக் கள்ளிமுண்டை மாத்திட்டு வாங்க. போவோம்."

மகள் ஸ்ரீலட்சுமி கதவைத் திறந்தபோது, கோபக்காரியை எதிர்பார்த்துப் போயிருந்த லிங்கராஜுக்கு ஏமாற்றமாகிவிட்டது. அழுது வீங்கிய கண்களோடு நின்ற பெண்ணிடம் குறுக்கு விசாரணை செய்வது எப்படி?

ஆல்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. கீழே, "சங்கு. நீர்க்குறி தலைகீழ்."

"எல்லாம் திருவிதாங்கூர் அஞ்சல் தபால்தலை மேடம். தாளுக்குள்ளயும் ஒரு சங்கு ஒளிஞ்சிருக்கும். இந்த ஒண்ணுல மட்டும் அது தலைகீழ். எனக்கு அஞ்சு வயசுல அம்மா என்னைச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஃபோன்ல 'சங்கு எப்படி இருக்கு'ன்னு கேப்பேன். 'இன்னும் தலைகீழாத்தான் நிக்கி'ம்பார். எங்களுக்குள்ள பேச்சே அவ்வளவுதான்." அவள் ஒரு நோட்டை நீட்டினாள். "இதைப் பாருங்க. கடைசியா எழுதினது."

லிங்கராஜ் முந்திக்கொண்டு வாங்கினார். சந்தேகத்துக்கே இடமில்லாத குண்டு எழுத்து. "தலைகீழ்ச் சங்கு – உலகம்மை கள்ளி."

வாசலில் நின்ற உலகம்மை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிங்கராஜ் நோட்டைக் கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்தார். "கையெழுத்து... அவ்வளவு தெளிவா இல்லை" என்று முணுமுணுத்தார். முப்பது வருடமாக அடுத்தவர் கையெழுத்தை நகல் எடுத்துப் பிழைக்கிறவர் சொன்ன அந்தப் பொய்யை ஒருவரும் நம்பவில்லை.

"இதுவும் இருக்கு அங்கிள்" என்றாள் ஸ்ரீலட்சுமி. ஆல்பத்தின் கடைசிப் பக்கத்துத் தபால்தலைகளில் மஞ்சள் கறை. "சமையல் பண்ற கை."

பத்மஜா இடுக்கியால் ஒன்றை எடுத்துத் திருப்பினாள். இன்னொன்று. பிறகு மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனாள். "சீரகம்" என்றாள்.

"சாப்பாட்டு நேரம் ஆகலையே பத்மா."

"உங்களுக்கு ஆகாத நேரம் எது?" என்றவள், நோட்டை வாங்கி ஒரு பக்கம் பின்னால் புரட்டினாள். அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. "ஸ்ரீலட்சுமி, அப்பா மேசையில இருந்து ஏதாவது பாத்திரத்தை அடுக்களைக்குக் கொண்டுபோனியாம்மா?"

"ஒரு பழைய மரப்பெட்டி. அஞ்சறைப்பெட்டி. மசாலா சாமான் ஏன் இங்க கிடக்குன்னு மேல் தட்டுல வச்சேன். திறக்கக்கூட இல்லை."

"அத்தான், அதை எடுத்துட்டு வாங்க. குலுக்காம."

பெட்டி வந்தது. பத்மஜா அதை மூடியோடு மேசையில் வைத்துவிட்டு உலகம்மையை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"விரல்ல இருக்கிற மஞ்சள் தபால்தலையோட முன்னாலயும் படும், பின்னாலயும் படும். இதுல எல்லாம் பின்னால மட்டும் இருக்கு. அப்போ தபால்தலை ஏதோ மஞ்சள் ஊறின பலகை மேல மல்லாந்து கிடந்திருக்கு. கூடவே சீரக வாசனை."

"உலகம்மை அக்காவோட அஞ்சறைப்பெட்டி!" என்று லிங்கராஜ் கத்தினார். தாமே கண்டுபிடித்ததாக அவருக்கு ஒரு கணம் தோன்றிவிட்டது.

"ஆமா, நான் எவர்சில்வர் வாங்கினப்போ, இதை எடுத்துக்கட்டான்னு கேட்டாரு" என்றாள் உலகம்மை.

"தபால்தலை பிரிச்சுப் போட" என்றாள் பத்மஜா. "அத்தான், நோட்டுல இந்த முந்தின பக்கத்தை வாசிங்க."

லிங்கராஜ் வாசித்தார். "கோடிட்ட தாள் – இரண்டாம் கள்ளி."

"சரி. இந்த வீட்டுல சமைச்சது ஒருத்தி. இரண்டாம் கள்ளி யாரு?"

பத்மஜா கணவர் பக்கம் திரும்பினாள்.

"காலையில நீங்க கட்டியிருந்தது என்ன?"

"கள்ளிமுண்டு" என்றவர் வாயைத் திறந்தபடி நின்றார். "கட்டம்! மலையாளத்துல கள்ளின்னா கட்டம். அறை!"

"ரயில் தபால்ல முப்பது வருஷம் நான் கடிதத்தைக் கள்ளி கள்ளியாத்தான் பிரிச்சுப் போட்டேன். இந்த ஊர்த் தமிழ்ல இது அன்றாடம் புழங்குற சொல். சென்னையில வளர்ந்த பொண்ணுக்கு ஒரு அர்த்தம்தான் தெரியும். அவமேல தப்பில்லை. முப்பது வருஷமா இங்கேயே கிடந்து, அதை இடுப்புலயும் கட்டிக்கிட்டு இருக்கிறவருக்குத் தெரியாமப் போனதுதான் ஆச்சரியம்."

லிங்கராஜுக்கு அந்த அடி வலிக்கவில்லை. தம் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக அவர் முட்டாளானதில்லை.

பத்மஜா மூடியைத் திறந்தாள். நான்கு அறைகளில் ரகத்தின் பெயர் எழுதிய துண்டுச்சீட்டுகள். ஐந்தாவதில் ஒரு சீட்டும் அதன்மேல் ஒற்றைத் தபால்தலையும். அதை ஒரு கறுப்புத் தட்டில் கவிழ்த்து, நீர்க்குறி தெரிவதற்காக லைட்டர் திரவத்தை ஒரு சொட்டு விட்டாள். தாள் நனைந்து கறுக்க, உள்ளிருந்து சங்கு எழுந்தது. தலைகீழாக.

ஸ்ரீலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். பத்மஜா அந்த அறையின் சீட்டை எடுத்து லிங்கராஜிடம் நீட்டினாள். "இந்தத் தடவை தெளிவா வாசிங்க."

லிங்கராஜ் உலகம்மைக்கு நேராகத் திரும்பி நின்று வாசித்தார். "உலகம்மைக்கு. பதினேழு வருடம் என்னைத் தனியாக உண்ணவிடாமல் எதிரில் உட்கார்ந்து பேசியதற்கு. என்னிடம் இருப்பதிலேயே நல்லது இதுதான்."

உலகம்மை அழவில்லை. சீட்டை வாங்கித் தன் பெயர் எது என்று கேட்டாள். லிங்கராஜ் காட்டிய இடத்தைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, நான் பேசினதுக்கு..." ஸ்ரீலட்சுமி தபால்தலை இருந்த தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "அது உங்களோடதுதான். நீங்களே வச்சுக்கங்க."

"வச்சுக்காம? சார் குடுத்ததை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றாள் உலகம்மை. அப்புறம் ஸ்ரீலட்சுமியின் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீ ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணு பாப்பா. சங்கு எப்படி இருக்குன்னு கேளு. நான் சொல்லுதேன்."

வீட்டுக்கு வந்ததும் லிங்கராஜ் முதல் வேலையாகக் கொடியிலிருந்து கள்ளிமுண்டை எடுத்து, வழக்கத்துக்கு மாறாக மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டார். பிறகு பத்மஜா தட்டு வைத்துச் சாப்பிட உட்காரும்வரை காத்திருந்து, தமக்குப் பசியே இல்லாதபோதும் அவளுக்கு எதிரில் போய் உட்கார்ந்தார்.