கருமாதிக்கு முன் வெட்டிய நகம்

காலையில் வெட்டிய நகங்கள் மதியத்துக்குள் வளர்ந்திருந்தன.

சோறு பிசையும்போதுதான் செழியன் கவனித்தான். கல்வராயன் மலைமேல் ஒரு பங்களாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவன் அவன். இலைக்கறை ஏறிய மொட்டை நகங்களே அவனுக்குப் பழக்கம். இவை சுத்தமாக இருந்தன. மெலிந்து, நுனி கூராகி, மனைவி சந்தியாவின் நகங்களைப்போல. அவளை எரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மாமியார் பெரியம்மாள் தூளித் துணியை விலக்கினாள்.

“கொயந்த கன்னத்துல இன்னா மாப்ள கீறல்?”

“தூக்கத்துல அதுவே கீறிக்கிச்சி அத்த.”

“புல்லுல நகம் கெடக்குது. பாக்க மாட்டேன்னு நெனச்சீங்களா? கருமாதி வரிக்கும் முடியும் நகமும் செத்தவளுது, கை வைக்காதீங்கன்னு சொன்னேன். காலேஜு படிச்சவருக்கு வேலி வெட்டத் தெரியுது, சும்மா இருக்கத் தெரியல.”

“கொயந்தய குத்திடப் போவுதுன்னுதான் வெட்னேன்.”

“சாயங்கால பஸ்ஸுல எழில்மதிய தியாகதுருகம் தூக்கிக்கினு போறேன்.”

“எனக்குன்னு அவ ஒருத்திதாங்க இருக்கா.”

“உசுரோட இருக்கட்டும் மாப்ள.”

துணி துவைக்க ஓடைக்குப் போய்விட்டாள்.

வெட்டிய புல்லின் பச்சை வாசனையோடு மூடுபனி தாழ்வாரத்துக்குள் ஏறி வர, தூளிக் கயிறு விட்டத்தில் உரசும் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தமும் கேட்டது. துணியை யாரோ மெதுவாகச் சுரண்டும் சத்தம். அவன் திரும்பிப் பார்த்தான். சுரண்டிக்கொண்டிருந்தது அவனுடைய இடது கை. அவன் அதை அசைக்கவில்லை.

கை துணிக்குள் இறங்கியது. குழந்தையின் கழுத்தை ஒரு நகம் தடவிப் பார்த்தது. பிறகு அழுந்தியது. ஒரு சொட்டு ரத்தம். எழில்மதி வீறிட்டாள்.

வலது கையால் அதைப் பிடித்து இழுத்தான். இழுத்துக்கொண்டே வாசலுக்கு ஓடினான். வேலி வெட்டும் மின்கத்தரி வேலியோரம் கிடந்தது. வலது கையில் எடுத்தான். இடது கையை முழங்காலுக்கடியில் போட்டு அழுத்தினான். விசையை அமுக்கினான்.

பற்கள் தோலைக் கிழித்து எலும்பில் சிக்கின. புகை. தீய்ந்த வாடை. மறுபடி அழுத்தினான். விரல்கள் ஒவ்வொன்றாகப் புல்லில் விழுந்தன. கத்தவில்லை. குழந்தை இனி இங்கேயே இருக்கலாம் என்று மட்டும் நினைத்தான்.

மின்கத்தரி கீழே விழுந்தது.

அவன் போடவில்லை.

வலது கை விரிந்திருந்தது. அதே நகங்கள். இன்னும் நீளமாக.

அதை வெட்ட இன்னொரு கை இல்லை.

கை அவனைத் தாழ்வாரத்துக்கு இழுத்தது. தூணைப் பிடிக்கப் பார்த்தான். பிடிக்க விரல் இல்லை. ரத்தம் வழுக்கியது.

“அத்த...”

ஓடையில் துணி அடிக்கும் சத்தம்.

அழுகை நின்றது. அவன் வலது கை தோள்வரை தூளிக்குள் இருந்தது. ஆடும் துணியின் அடியில், உள்ளிருந்து வெளியே, ஐந்து கூர் முனைகள் குத்திக்கொண்டு வந்தன. ஐந்திலிருந்தும் சொட்டியது.