விரலை மறுபடி வைக்கவும்

ஏழு எழுத்துதான் அடித்தான். திரையில் எட்டுப் புள்ளி விழுந்தது.

தணிகாசலம் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினான். எட்டு. அழித்துவிட்டு, ஒண்ணாங் கிளாஸ் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே மறுபடி அடித்தான். ஏழு முடிந்ததும் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எட்டாவது புள்ளி சாவகாசமாக வந்து வரிசையில் உட்கார்ந்தது.

பாஸ்வேர்டு தப்பு என்றது லேப்டாப்.

அந்த ஏழு எழுத்தும் சரிதானா என்பதே சந்தேகம். காலை ஒன்பது மணிக்கு இவனே மாற்றியது. கூட்டாளி காத்தவராயன் இனி இதைத் திறக்கவே கூடாது என்று, யாராலுமே கண்டுபிடிக்க முடியாத ஒரு சொல்லாக வைத்தான். யாராலுமே என்பதில் தானும் சேர்த்தி என்பது சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் தெரிந்தது. நடுவில், மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு, "நான் தனியா கடை போட்டுக்கறேண்ணா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிய காத்தவராயனின் பிடரியில் பட்டுநூல் நிறுக்கும் எடைக்கல்லால் மூன்று தரம் அடித்திருந்தான். அந்தக் களேபரத்தில் சொல் மண்டையை விட்டுப் போய்விட்டது. இவன் மண்டையை விட்டு. காத்தவராயன் மண்டையை விட்டுப் போனவை வேறு. அவற்றைத் துடைக்க இரண்டு பழைய புடவை பிடித்தது.

பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுத் தரும் கடை அது. அதற்கு முன்னால் தறி வீடு. தறியை விற்று ஒன்பது வருஷம் ஆகிறது. நெய்கிறவர் காலைத் தொங்கப்போட்டு மிதிப்பலகையை அழுத்துகிற குழி மட்டும் தரையில் மிச்சம் இருந்தது. குழிமேல் பலகை. பலகைக்குக் கீழே இப்போது காத்தவராயன், முட்டியை மடக்கி, கச்சிதமாக.

எல்லாம் ஒழுங்காகத்தான் முடிந்திருக்கும், மேலே கேமரா ஒன்று இல்லாமல் இருந்திருந்தால். போன வாரம் மாட்டியது. காத்தவராயன் டிசைன் திருடுகிறானா என்று வேவு பார்க்க. அது பார்ப்பதெல்லாம் இந்த லேப்டாப்பில்தான் போய்ச் சேரும். மூன்று அடியும் உள்ளே இருந்தன, மணி நிமிஷத்தோடு, கலரில்.

போன் அடித்தது. காத்தவராயனின் மனைவி சரண்யா.

"அண்ணா, அவரு போனே எடுக்க மாட்டேன்றாரு. அங்க கீறாரா?"

"மதியமே கிளம்பிட்டானேம்மா."

"சாப்பாட்டுக்கு வரலீங்களே. எங்கண்ணன் ஸ்டேஷன்ல ஏட்டு இல்ல, அவரையும் இட்டுகினு வந்துகினு இருக்கேன். உங்க கேமராவுல பாத்தா எத்தினி மணிக்கு வெளிய போனாருன்னு தெரிஞ்சிடும்ல? சேவூர்ல பஸ் ஏறிட்டோம்ணா."

சேவூரிலிருந்து பஸ் ஊர்ந்து வந்தாலும் அரை மணி. அதற்குள் திறந்து அழித்தாக வேண்டும். சர்வீஸ் அமல்ராஜைக் கூப்பிட்டான்.

"பாஸ்வேர்டை மறந்துட்டியா? இன்னாண்ணா நீ, ஊரே பொண்டாட்டி பேரை வெச்சிகினு நிம்மதியா கீது."

"ஜல்தி சொல்றா. பேசாம போட்டு உடைச்சிட்டா?"

"உடைச்சாலும் உள்ள இருக்கறது உள்ளயேதான் இருக்கும், போலீசு நினைச்சா எடுத்துடும். எதுக்கு பேஜாரு? கீபோர்டு ஓரமா சின்னக் கட்டம் இருக்கும் பாரு. யார் விரலைப் பதிஞ்சு வெச்சியோ அவரு வெரல் வெச்சா தொறந்துக்கும். அவ்ளோதான்."

அவ்வளவுதான்.

தணிகாசலத்தின் விரல் எந்த மெஷினிலும் விழாது. இருபது வருஷம் சாயப்பட்டறையில் கொதிக்கிற தொட்டிக்குள் கை விட்டவன். ரேகை என்ற ஒன்று அவனுக்கு இருந்ததற்குச் சாட்சி பழைய பத்திரம் ஒன்றில் பதிந்த பெருவிரல் மட்டும். நுனியெல்லாம் வழுவழுவென்று புளியங்கொட்டை. நகத்தைச் சுற்றி எத்தனை தேய்த்தும் போகாத அரக்குச் சாயம். ரேஷன் கடை மெஷின் மாதாமாதம் இவனைப் பார்த்து "ஆள் இல்லை" என்று சொல்லும். அதனால் லேப்டாப்பில் பதிந்திருந்தது காத்தவராயன் விரல். காலையில் பாஸ்வேர்டை மாற்றும்போது அது ஞாபகமே வரவில்லை. வெள்ளை வெளேரென்று, நகம் வெட்டி, பவுடர் வாசனை அடிக்கிற விரல். பத்தில் எது என்பது மட்டும் தெரியாது.

அப்போது கரண்ட் போனது.

தெருவில் அத்தனை பவர்லூமும் ஒரே நேரத்தில் வாயை மூடின. காதுக்குள் ஒரு பள்ளம் விழுந்த மாதிரி இருந்தது. ஷட்டர் இறக்கிய கடைக்குள் லேப்டாப் வெளிச்சமும், ஈரப் பட்டின் கவிச்சியும், அதற்கடியில் இன்னொரு கவிச்சியும்.

தடக்.

பலகைக்குக் கீழே. மரத்தை மரம் இடிக்கிற சத்தம். மிதியைக் காலால் அழுத்தினால் வருகிற சத்தம்.

தடக். தடக்.

தறி இல்லை. மிதி இல்லை. ஒன்பது வருஷமாக இல்லை. எலி என்று சொல்லிக்கொண்டான். நல்ல தாளஞானம் உள்ள எலி.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் தடவி வைத்த வெட்டுக்கத்தி மூலையில் இருந்தது. எடுத்தான். பலகையைத் தள்ளினான். சத்தம் நின்றது. முகத்தைப் பார்க்க வேண்டி வருமே என்று போன் டார்ச்சை அணைத்துவிட்டு, குப்புறப் படுத்து, குழிக்குள் துழாவினான். கை கிடைத்தது. இன்னும் சூடாக இருந்தது. நல்லது, மெஷினுக்குச் சூடு பிடிக்கும். விளிம்பில் இழுத்து வைத்து ஓங்கினான். கட்டைவிரல். எலும்பில் கத்தி மாட்டியது. திருகினான். கரும்புக் கணு மாதிரி விட்டுக்கொடுத்தது. கை முரண்டு பிடிக்கவில்லை, சொல்லப்போனால் ஒத்துழைத்தது.

கட்டத்தில் வைத்தான். விரல் தெரியவில்லை, மறுபடி வைக்கவும் என்றது திரை.

துடைத்து வைத்தான். மறுபடி வைக்கவும். வாயில் போட்டுச் சூடாக்கி வைத்தான். உப்புக் கரித்தது. மறுபடி வைக்கவும்.

ஆட்காட்டி. மறுபடி வைக்கவும். நடுவிரல். மறுபடி. டிசைன் அட்டையில் வரிசையாக அடுக்கினான். பஸ் இந்நேரம் பாலத்தில் இருக்கும். பயத்தில் தோள்வரைக்கும் மரத்துப்போய், கத்திப் பிடி நழுவிக்கொண்டே இருந்தது. ரத்தம் வழுக்குகிறது என்று நினைத்தான். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வெட்டினான். ஒன்பதாவதை. பத்தாவதுக்குக் கத்தியைப் பல்லால் கடித்துக்கொண்டான்.

பத்தும் வைத்தாகிவிட்டது. பத்தும் தெரியவில்லை.

வெறி பிடித்தவனாகக் கீபோர்டுக்குப் பாய்ந்தான். ஏழு எழுத்து. திரையில் பத்தொன்பது புள்ளி. எழுத்துக் கட்டைகள் சொதசொதவென்று ஒட்டின.

ஷட்டர் தட்டப்பட்டது.

"அண்ணா! நாந்தான் சரண்யா. எங்கண்ணனும் வந்துகீறாரு. ஷட்டரைத் தூக்குங்க."

தூக்கத்தான் போனான். குனிந்தான். கைப்பிடி பிடிபடவில்லை. மறுபடி பிடித்தான். தகரத்தில் ஏதோ மொத்தென்று இடித்து வழுக்கியது.

கரண்ட் வந்தது.

தெரு முழுக்கப் பவர்லூம்கள் ஒன்றாகக் கத்தத் தொடங்கின. டியூப்லைட் இரண்டு தரம் கண் சிமிட்டி எரிந்தது. அட்டையில் பத்து விரல். நுனிகள் வழுவழுவென்று புளியங்கொட்டை. நகத்தைச் சுற்றி அரக்குச் சாயம்.

மெஷின் பொய் சொல்லவில்லை. வழக்கம்போல, ஆள் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

தணிகாசலம் தன் கைகளைப் பார்த்தான். உள்ளங்கை இருந்தது. அதோடு முடிந்திருந்தது. வலி அப்போதுதான், வெகுதூரத்திலிருந்து, அவனை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தது.

கத்தினான். பவர்லூம் சத்தத்தில் அது அவன் காதுக்கே எட்டவில்லை.

"அண்ணா? உள்ள யார் கூடங்க பேசிகினு இருக்கீங்க?"

பின்னால் பவுடர் வாசனை. திரும்பினான். குழி காலியாக இருந்தது. மேஜைமேல் ஒரு வெள்ளைக் கை நீண்டிருந்தது. நகம் வெட்டிய, முழுசான ஐந்து விரல். சுண்டுவிரலை மட்டும் பிரித்து, கட்டத்தின்மேல் பூ வைக்கிற மாதிரி வைத்தது.

முதல் தடவையிலேயே திறந்தது.