மண் கேட்கும் முட்டை

முட்டைக்குள் ஏதோ அசைந்தது.

அவள் நுண்நோக்கியிலிருந்து முகத்தை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். மதிய வெயில் ஜன்னல் வழியாகப் பரிசோதனைக்கூடத்துக் குப்பிகளின் மேல் விழுந்து பினாயில் வாசனையைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. இரத்தம் சுழற்றும் இயந்திரம் மூலையில் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. கண்ணாடித் தகட்டில், பழுப்பு நிறக் குட்டிப் பீப்பாய் போல, இரு முனையிலும் தெளிந்த அடைப்புடன், சாட்டைப்புழுவின் முட்டை. பதினொரு வருஷமாகப் பார்த்து அலுத்ததுதான். ஆனால் உடம்பிலிருந்து மலத்தோடு புதிதாக வந்த முட்டைக்குள் வெறும் கூழ்தான் இருக்கும். ஈர மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்தால்தான் அது புழுவாகும். இதில் இப்போதே புழு இருந்தது. சுருண்டுகொண்டு, மெல்லப் புரண்டது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" கூட வேலை செய்யும் அக்கா அவளைத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தாள். "அட, நல்லா வளந்திருக்கே! பழைய சாம்பிளா?"

"காலைல எடுத்ததுக்கா."

"யாரோடது?"

"பக்கத்து வீட்டுக் குழந்தையோடது."

பொய் தடங்கலில்லாமல் வந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் கை கழுவப் பாடம் எடுக்கிறவளின் மகள் வயிற்றில் புழு என்று எப்படிச் சொல்வது?

"அந்த மகராசி தரையிலேர்ந்து மண்ணோட வழிச்சுக் குடுத்திருப்பா. தூக்கிப் போட்டுட்டு வேற கேளு."

அதுதான் அங்கே வழக்கம். மண் கலந்த சாம்பிளைப் பதிவதில்லை. அவளும் தூக்கிப் போட்டாள். ஆனால் காலையில் சுத்தமான டப்பாவில் தன் கையாலேயே பிடித்திருந்தாள். தரையில் படவே இல்லை.

ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வீட்டுக்கு ஓடினாள். மகள் சிட்டுவுக்கு ஆறு வயது. போன வருஷத்துக் கவுன் இன்னும் தொளதொளவென்று இருக்கிறது. கண்ணின் கீழிமை காகிதம் மாதிரி வெளுத்திருக்கிறது. ஒல்லி வாகு, ஒல்லி வாகு என்று எத்தனை மாதம் தள்ளிப்போட்டாள்!

"வயிறு வலிக்குதுன்னு ஒரே அழுகை," என்றான் கதவைத் திறந்த கணவன். "டாக்டர்கிட்ட போலாம்னா, அம்மா வரட்டும்ங்கறா."

"வண்டிய எடுங்க. இப்பவே போலாம்."

அவன் படியிறங்கினான். அவள் அறைக்குள் போனாள்.

வெளியே வெயில் கொளுத்த, உள்ளே மழையில் நனைந்த மண் வாசனை. தரை உலர்ந்திருந்தது. மின்விசிறி ஓடவில்லை. ஆனாலும் போர்வைக்கடியில் ஏதோ துணியை உரசும் சத்தம். மிக மெல்லிய சத்தம். ஒன்றல்ல. நிறைய.

சிட்டு கழுத்துவரை போர்த்திக்கொண்டு விழித்திருந்தாள்.

"அம்மா, தண்ணி."

டம்ளரில் ஊற்றி, தலையைத் தாங்கி, உதட்டருகே கொண்டுபோனாள். குழந்தை வாயை இறுக்க மூடிக்கொண்டது.

"குடிக்க இல்லம்மா. ஊத்து."

"எங்கடி கண்ணு?"

சிட்டு போர்வையை விலக்கினாள்.

வயிறு கறுத்திருந்தது. ஈரமாக. பொலபொலவென்று, மண்ணாக. அதிலிருந்து நாற்றுப்போல நெருக்கமாக, வெளுத்த புழுக்கள். நூல் போன்ற தலைகள் உள்ளே தைத்திருந்தன. தடித்த வால்கள் வெளியே ஆடின.

அவள் டம்ளரோடு பின்வாங்கினாள். ஒரு சொட்டு சிந்தியது.

அத்தனையும் ஒன்றாக அவள் பக்கம் சாய்ந்தன.