சைவக் கடையில் ஒரு மீன் ரோல்ஸ்

ஹட்டன் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் விஜிதரனின் கூண்டைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், அல்லது பஸ்ஸில் எதையாவது தவறவிட்டவர்கள். அந்த மார்கழிச் சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு வந்த மீனம்மா இரண்டிலும் சேர்த்தி இல்லை. அவர் ஒரு சில்வர் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, உள்ளே பாம்பு கிடக்கிறது போல இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கூண்டுக்குப் பக்கத்தில் த்ரீவீலை நிறுத்தி வைத்திருந்த கிஷாந்துக்கு உடனே காது விடைத்துக்கொண்டது. வாடகை கிடைக்காத நேரமெல்லாம் அவன் விஜிதரனோடுதான் இருப்பான். பஸ்களில் காணாமல் போன பைகளையும் குடைகளையும் விஜிதரன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடிப்பதைப் பார்த்துப் பார்த்து, தானும் பாதித் துப்பறிவாளன் என்ற நினைப்பு அவனுக்கு வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு ஒரு நல்ல குற்றம் கிடைக்கவில்லை என்பதுதான் அவன் குறை.

மீனம்மா மேல்தட்டைத் தூக்கினார். உள்ளே, மசாலாவை மாவில் சுருட்டிப் பொரிக்கிற ரோல்ஸ் ஒன்று பாதி கடித்தபடி கிடந்தது.

"மோந்து பாருங்க தம்பி" என்றார்.

விஜிதரன் மோந்தார். கிஷாந்தும் கழுத்தை நீட்டினான். சந்தேகமே இல்லை, மீன்.

மீனம்மாவின் கடை பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் இருக்கிறது. பத்தொன்பது வருடமாகச் சைவக் கடை. வெங்காயம் நறுக்கும் கத்திகூட முட்டையைப் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட கடையில், ஐயப்பனுக்கு மாலை போட்டு விரதம் இருக்கும் சிவசாமி என்பவர் இன்று காலை ரோல்ஸைக் கடித்து, மறுகணமே துப்பிவிட்டு, கடையே அதிரும்படி கத்தியிருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள்.

"மண்டல பூஜைக்கு முந்நூறு பேருக்கு அன்னதானம் நம்ம கடையிலதான் சொல்லியிருக்காங்க. பன்னெண்டு மணிக்குக் கோயில் கமிட்டிக்காரவுங்க பேச வர்றாங்க. அதுக்குள்ள இது எப்படி வந்துச்சுன்னு தெரியலேன்னா ஆடர் போச்சு, கடையும் போச்சு" என்றார் மீனம்மா. பிறகு குரல் இறங்கியது. "வீரய்யாவப் போகச் சொல்லிட்டேன் தம்பி. எனக்கு வேற வழி தெரியல. தட்டு வெச்சது அவருதான். கடையில மீன் திங்கிற ஆளும் அவரு ஒருத்தருதான்."

வீரய்யா பதினோரு வருடமாக அந்தக் கடையில் பரிமாறுகிறவர். கிஷாந்த் தினமும் காலையில் அவர் கையால்தான் சாப்பிடுகிறான். சென்ற வருடம் காய்ச்சலில் அவன் ஐந்து நாள் படுத்தபோது, கேட்காமலே அறைக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்த மனிதர் அவர். ஐம்பத்திரண்டு வயதில் அவரை யார் வேலைக்கு வைப்பார்கள்?

"அண்ணே, இது மாயாண்டி வேல!" என்று கிஷாந்த் கூவினான். மாயாண்டி என்பவர் மேல் வீதியில் இன்னொரு சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். போன வருட அன்னதானம் அவர் கடையில்தான் நடந்தது. "ஆடர் கை மாறிப்போச்சுல்ல, அந்தக் காய்ச்சல். இருங்க, பேஸ்புக்குல போட்டு நாறடிச்சிர்றேன்." சொல்லி முடிப்பதற்குள் போனில் நான்கு வரி எழுதியும் விட்டான்; போடுவதுதான் பாக்கி.

"அடுத்த பஸ் பதினொன்னு இருபதுக்கு. அது வரைக்கும் உன் கட்ட விரல சட்டப் பையில போட்டு வை" என்றார் விஜிதரன். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. ரோல்ஸைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். வெந்த பழுப்பு நிறத்தின் மேல் மெல்லிய நீலக் கோடுகள் இரண்டு, அடிமட்டம் வைத்து இழுத்தது போல ஓடின. அவர் தட்டை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார்.

கடைக்கதவு பாதி சாத்தியிருந்தது. வாசல் பெஞ்சில் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாகச் சிவசாமி உட்கார்ந்திருந்தார். தேயிலைத் தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மனிதர், குரலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இப்போது கத்தி ஓய்ந்து, அழுதுவிடுவார் போல இருந்தார்.

"முப்பத்தி மூணு நாள் விரதம்ங்க. குருசாமிக்குப் போன் பண்ணிட்டேன். 'தெரியாம நடந்திருந்தா குளிச்சிட்டு நூத்தியெட்டு சரணம் சொல்லு, விரதம் நிக்கும். யாராச்சும் வேணும்னு வெச்சிருந்தா அந்தப் பாவம் வேற. எதுன்னு பார்த்துட்டு வா'ன்னுட்டாரு. எதுன்னு தெரியாம நான் எப்படிங்க எழும்பிப் போறது?"

"சாமி, கடிச்சப்ப ரோல்ஸ் சூடா இருந்துச்சா?" என்று விஜிதரன் கேட்டார்.

"வடை சுட்டுச்சு, ஊதித்தான் தின்னேன். ரோல்ஸ் சில்லுன்னு இருந்துச்சு."

உள்ளே, சுவரோரமாக வீரய்யா, போகச் சொல்லியும் போகாமல், ஒரு துணிப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் ஆள் உள்ளே வரும்போதெல்லாம் ஓரக்கண்ணால் அந்த முகத்தை ஒரு முறை அளந்தார். கிஷாந்த் முகத்தையும் அப்படித்தான் பார்த்தார். அந்தப் பார்வை ஏனோ அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

விஜிதரன் மேசையைச் சுற்றிப் பார்த்தார். கை துடைப்பதற்காகச் சதுரமாக வெட்டிய பத்திரிகைத் தாள்கள் ஒரு கிளாசில் செருகியிருந்தன. பக்கத்தில் ஆறு பண்டங்கள் வைக்கும் நீளத் தட்டு. நம் ஊர்க் கடைகளின் வழக்கம்தான்: ஆள் உட்கார்ந்ததும் கேட்காமலே தட்டு வந்துவிடும். தின்றதற்கு மட்டும் காசு. மிஞ்சியது அடுத்த மேசைக்குப் போகும்.

"மீனம்மாக்கா, இன்னைக்கு ரோல்ஸ் எத்தன மணிக்குப் பொரிச்சீங்க?"

"ஒம்போதரைக்கு. நானேதான் எண்ணெயில இருந்து எடுத்தேன்."

"சாமிக்குத் தட்டு வெச்சது?"

"ஒம்போதே முக்கால் இருக்கும்ங்க" என்றார் வீரய்யா, தரையைப் பார்த்தபடி.

"அதுக்கு முந்தி அந்த மேசையில யாரு?"

"ஒரு தம்பி. தோள்ல பெரிய பை. டயகம பஸ் ரெண்டு தடவ ஹாரன் அடிச்சதும் காச வெச்சிட்டு ஓடுனாப்ல."

விஜிதரன் தலையசைத்தார். டயகம பஸ்ஸுக்கு ஒன்பது நாற்பதுக்குக் கொடி காட்டியவர் அவர்தான். பிறகு யாரும் எதிர்பாராத வகையில் கைகழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த குப்பை வாளியை இழுத்து, குந்தி உட்கார்ந்து கிளறத் தொடங்கினார். கிஷாந்துக்கு வெட்கமாகப் போயிற்று. துப்பறிவது என்றால் ஓடித் துரத்துவது என்று அவன் நினைத்திருந்தான்.

வாளியில் எச்சில் துடைத்த பத்திரிகைத் துண்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு தாள் வேறு மாதிரி இருந்தது. அதை விஜிதரன் மேசையில் விரித்தார். நீலக் கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பித் தாள். யாரோ ஒரு பிள்ளை போட்ட கூட்டல் கணக்கு, சிவப்பு மையில் ஒரு சரி, நடுவில் ஒரு ரோல்ஸ் நீளத்துக்கு எண்ணெய்க் கறை. அதன் பக்கத்தில் பாதி ரோல்ஸை அடிப்பக்கம் தெரிய வைத்தார். கறைக்குள் கோடுகள் மங்கியிருந்த அளவுக்கு ரோல்ஸில் அவை ஏறியிருந்தன.

"பழைய கொப்பித் தாள்ல சுத்திக் குடுக்கிறது பேக்கரிக்காரங்க பழக்கம். இந்தக் கடையில கொப்பித் தாளே கெடையாது. அப்ப இந்த ரோல்ஸ் வெளிய இருந்து தாளோட வந்திருக்கு" என்ற விஜிதரன் வீரய்யாவைப் பார்த்தார். "வீரய்யாண்ணே, இந்தத் தாள வாளியில போட்டது யாரு?"

"நான்தான். மேச தொடைக்கிறப்ப."

"தாள் மேல ஏதாச்சும் இருந்துச்சா?"

வீரய்யா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கை தானாக மேசைக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு முறை போய்வந்தது. அப்புறம்தான் முகம் வெளுத்தது.

"ஒரு ரோல்ஸ் இருந்துச்சுங்க. கடிக்காத ரோல்ஸ். சிலபேரு தட்டுல இருந்து எடுத்துத் தாள்ல வெச்சுக்குவாங்க, பொறகு வேணாம்னு விட்டுட்டுப் போவாங்க. ஒரு நாளைக்குப் பத்துத் தடவ நடக்கிறது. எடுத்துத் தட்டுல வெச்சேன். ஐயோ, நான்தானா?"

"பாத்தீங்களா, அவரே சொல்றாரு!" என்று மீனம்மா கத்தினார்.

"கொஞ்சம் பொறுங்கக்கா." விஜிதரன் நிதானமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிவசாமியையும் உள்ளே கூப்பிட்டார். "எல்லாரும் கேளுங்க. கெடுதல் செய்ய நெனச்ச ஆளு ஒரே ஒரு ரோல்ஸ வெப்பானா? அது யாரு வாய்க்குப் போகும்னு அவனுக்கு எப்படித் தெரியும்? சாமி வடையோட எழும்பியிருந்தா அது இன்னொருத்தருக்குப் போயிருக்கும். அவரு மீன் திங்கிற ஆளா இருந்தா, இன்னைக்கு ருசியா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருப்பாரு. மாயாண்டி வந்திருந்தா, வீரய்யாண்ணனுக்கு அடையாளம் தெரியாமப் போகுமா?"

கிஷாந்த் சட்டைப் பைக்குள் இருந்த போனை இன்னும் ஆழமாக அமுக்கினான்.

"வீரய்யாண்ணே, அந்தத் தம்பிக்கு வெச்ச தட்டுல என்னென்ன இருந்துச்சு?"

"ரெண்டு வட, ரெண்டு ரோல்ஸ், ரெண்டு பெட்டிஸ்."

"நீங்க தட்ட எடுக்கிறப்ப?"

"தாள்ல இருந்தத வெச்சதும் ரெண்டு ரோல்ஸ், ரெண்டு பெட்டிஸ். வட மட்டும் இல்ல, சூடா ரெண்டு வெச்சு அதே தட்டத்தான் சாமிக்கு வெச்சேன். ரெண்டு வடைக்குக் காசு கேட்டேன், குடுத்தாப்ல. கணக்குச் சரியா இருந்துச்சுங்க, அதான் எனக்கு ஒண்ணும் தோணல."

"கணக்குச் சரியா இருந்ததுதான் வெனை" என்றார் விஜிதரன். "தாள்ல இருந்தது அவரோட சொந்த ரோல்ஸ்னா, தட்டோட சேத்து அஞ்சு இருக்கணும். நாலுதான் இருந்துச்சு. அப்ப அந்தத் தம்பி நம்ம கடை ரோல்ஸும் ஒண்ணு தின்னிருக்காரு. எடம் காலியாச்சு. அதுல அவரோட மீன் ரோல்ஸ் போய் உக்காந்திருச்சு. நான் சொல்றது தப்பா இருந்தா, அந்தத் தம்பி ரெண்டு வடைதான் தின்னேன்னு சொல்லுவாரு. கேட்டுப் பாத்துருவோம்."

அவர் டயகம பஸ் கண்டக்டரின் எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார். பஸ் அப்போது அக்கரப்பத்தனையைத் தாண்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் உள்ளே சத்தம் போட்டுக் கேட்க, பின்சீட்டிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். பெயர் மிலான், நோர்வூட்டைச் சேர்ந்த வயரிங் வேலைக்காரர்.

"காலையில ஹட்டன்ல என்ன சாப்பிட்டீங்க தம்பி?"

"ரெண்டு வட, ஒரு ரோல்ஸ்ங்க." சொல்லி முடித்ததும் குரல் பதறியது. "ஐயோ, ரோல்ஸுக்குக் காசு குறையுதா? அவரு ரெண்டு வடைன்னாரு, பஸ் கெளம்பிருச்சு, யோசிக்காமக் குடுத்துட்டு ஓடிட்டேன். திரும்பி வர்றப்ப குடுத்துர்றேன்."

"அது பரவாயில்ல. உங்க சாமான் ஏதும் மறந்துட்டீங்களா?"

"மத்தியானத்துக்கு நோர்வூட்ல ஒரு மீன் ரோல்ஸ் வாங்கினேன். பசியில அங்கயே பிரிச்சிட்டேன். பிரிச்ச பொறகுதான் செவத்துல சாமி படத்தப் பார்த்தேன், சைவக் கடைன்னு. வெக்கமாப் போச்சுங்க, அப்படியே ஓரமா வெச்சிட்டேன். சூடா தட்டும் வந்துச்சா, அதத் தின்னுட்டு இத மறந்துட்டேன். ஏன், யாராச்சும் எடுத்துத் தின்னுட்டாங்களா?"

முதலில் சிரித்தது சிவசாமிதான். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு "சாமியே சரணம்" என்று நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்திலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள்.

"யாரு மேலயும் பாவம் இல்லீங்க. நான் போய்க் குளிக்கிறேன்" என்று எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பினார். "கமிட்டிக்காரவுங்க கேட்டா, சிவசாமி அன்னதானத்துக்கு மொதப் பந்தியில உக்காருவான்னு சொல்லுங்க மீனம்மாக்கா."

கிஷாந்துக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது. போனை எடுத்து, மாயாண்டியைப் பற்றி எழுதி வைத்திருந்த நான்கு வரியையும் அழித்தான். கூடவே, போகிற வழியில் அவர் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போவது என்றும் முடிவு செய்தான். அந்த மனிதருக்கு ஏன் என்று தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

மீனம்மா வீரய்யாவின் எதிரில் போய் நின்றார். பத்தொன்பது வருடம் முதலாளியாக இருந்தவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

"அண்ணே, நான் அவசரப்பட்டுட்டேன். தப்பு என்னோடது. இனிமே தட்ட விட்டு எறங்கினது தட்டுக்குத் திரும்ப வேணாம், கடைக்கு நட்டம்னாலும் பரவாயில்ல."

வீரய்யா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். பதினோரு வருடத்தில் அவர் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவர் கண் நிறைந்து வழிந்தது.

"ஏண்ணே அழுவுறீங்க? வேல போகல, ஒங்க மேல தப்பும் இல்ல" என்றான் கிஷாந்த்.

"அதுக்கில்ல தம்பி." வீரய்யா தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். "என் கையாலதான் வெச்சேன்னு தெரிஞ்சதுதான் எனக்கு நிம்மதி. காலையில இருந்து, நான் சோறு போட்ட மொகத்துல எந்த மொகம் எனக்குக் குழி பறிச்சதுன்னு ஒவ்வொண்ணாப் பார்த்துட்டு நின்னேன். ஒன்னையும் சந்தேகப்பட்டேன்யா. யாரும் இல்ல. ஒருத்தரும் இல்ல."